இரண்டு சீட்டுகள்

1

பொதுவில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லை என்ற எண்ணமும், யாருக்கும் சொந்தமில்லாதது சீக்கிரம் பாழாகும் என்ற எண்ணமும் ஒட்டிப் பிறந்தவை. மேடைக்குத் தகுந்தபடி ஒரே ஆள் இரண்டையும் சொல்வதுண்டு. கணிப்பொறி மென்பொருளைப் பற்றி, குறிப்பாக இயங்குதளங்களையும் தரவுத்தளங்களையும் எந்த உரிமத்தின் கீழ் வெளியிடுவது என்பதைப் பற்றி, சென்ற நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் சச்சரவின் சாரமும் இதுதான். இந்தச் சச்சரவு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொடங்கியதாக நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் அது சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் நடந்திருக்கிறது. அங்கே ஏரியில் வேறு ரூபத்தில் இன்றும் நடக்கிறது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் சரித்திரம் என்பதால் அதிலிருந்து தொடங்கலாம்.

1609ஆம் ஆண்டு லெய்டன் நகரில் ஆசிரியர் பெயர் இல்லாமல் ஒரு சிறிய லத்தீன் நூல் வெளிவந்தது. எழுதியவர் ஹ்யூகோ க்ரோஷியஸ். அப்போது முப்பது வயதுகூட ஆகாதவர். நூலின் தலைப்புக்குச் ‘சுதந்திரக் கடல்’ என்று அர்த்தம். வாதம் எளிமையானது. காற்றைப் போலக் கடலையும் எவரும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஒருவர் உபயோகிப்பதால் அடுத்தவருக்கு அது குறைந்துபோவதில்லை. ஆகவே எந்த அரசும் அதைத் தன் உடைமை என்று சொல்ல முடியாது. அதற்கு முன் நூறாண்டுகளாகப் போர்ச்சுகீசியர்கள் இந்துமகா சமுத்திரத்தில் ‘கர்த்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டைக் கொடுத்துக் காசு பார்த்து வந்தார்கள். சீட்டில்லாத கப்பல் அகப்பட்டால் சரக்கு பறிபோகும். அந்தச் சீட்டுக்கு எதிரான வாதம் இது.

ஆனால் இது ஒரு கட்சிக்காரருக்காக வக்கீல் எழுதியது. 1603இல் சிங்கப்பூர் அருகே ஸான்டா கட்டரினா என்ற போர்ச்சுகீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் மடக்கிப் பிடித்தார்கள். அந்தப் பறிப்பை நியாயப்படுத்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக க்ரோஷியஸ் எழுதிய பெரிய நூலின் ஓர் அத்தியாயம்தான் ‘சுதந்திரக் கடல்.’ மிச்ச நூல் 1864 வரை வெளியே தெரியாமல் கிடந்தது.

அடுத்த ஆண்டு, 1610 ஏப்ரலில், அதே கம்பெனி விஜயநகர மன்னர் வேங்கடபதியிடம் பழவேற்காட்டில் வணிகம் செய்யும் உரிமையைப் பெற்றது. 1611 ஆகஸ்டில் ‘க்ளோப்’ என்ற ஆங்கிலக் கப்பல் அங்கே வந்து நங்கூரம் போட்டது. டச்சுக்காரர்களின் தலைவர் வான் வெர்ஸிக் மன்னர் கொடுத்த கௌலை எடுத்து நீட்டினார். ஐரோப்பாவிலிருந்து வருகிற எவரும் மாரிஸ் இளவரசரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் இங்கே வணிகம் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். மாரிஸ் என்பவர் டச்சுக்காரர்களின் இளவரசர். ஆங்கிலக் கப்பல் வடக்கே போய்விட்டது. கடல் யாருக்கும் சொந்தமில்லை என்ற நூல் அச்சாகி அப்போது இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது.

1612இல் மயிலாப்பூரிலிருந்து வந்த போர்ச்சுகீசியர்கள் பழவேற்காட்டுப் பண்டசாலையைத் தாக்கினார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். அதே 1613இல் லண்டனில் ஆங்கிலேயர்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் கீழ்த்திசை வணிகம் பற்றிப் பேச்சுவார்த்தை நடந்தது. டச்சுத் தூதுக்குழுவில் க்ரோஷியஸும் இருந்தார். ஆங்கிலேயர்கள் அவருடைய நூலிலிருந்தே வாசகங்களை எடுத்து அவருக்கு எதிராக வைத்தார்கள். கடல் பொதுவென்றால் வணிகமும் பொதுதானே என்று கேட்டார்கள். கீழ்த்திசை மன்னர்கள் மனமுவந்து செய்துகொடுத்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தத்தான் செய்யும் என்பது க்ரோஷியஸின் நிலை. சுதந்திரம் உள்ளே நுழைகிறவரையில் பேசப்பட்டது. நுழைந்த பிறகு ஒப்பந்தம் பேசப்பட்டது.

அந்தக் கோட்டையிலிருந்து சோழமண்டலக் கரை முழுவதன் துணி வணிகத்தையும் கம்பெனி நடத்தியது. துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டை இப்போது மண்மேடும் புதரும். கல்லறைத் தோட்டத்தில் டச்சு எழுத்துகள் வெட்டிய கற்கள் மட்டும் நன்றாக நிற்கின்றன.

2

க்ரோஷியஸின் நூலில் ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. காட்டில் பலர் வேட்டையாடினால் மிருகங்கள் தீரும், ஆற்றில் பலர் மீன் பிடித்தால் மீன் தீரும், கடல் அப்படியல்ல என்கிறார். கடலும் அப்படித்தான் என்பது நமக்கு இப்போது தெரியும். பழவேற்காட்டு மீனவர்களின் பிரச்னையோ தொடக்கத்திலிருந்தே அந்த விதிவிலக்குக்குள் இருந்தது. ஏரி பெரியதுதான், உப்புநீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரியது, பெரும்பகுதி இன்றைய ஆந்திரத்தில் இருக்கிறது. ஆனால் ஏற்றவற்றத்தோடு இறாலும் மீனும் போய்வரும் நீரோட்டங்கள் முகத்துவாரத்தை ஒட்டிச் சிலவே. ஓட்டம் உள்ள இடத்தில் வலை கட்டியவனுக்குக் கிடைக்கும். மற்றவன் வேடிக்கை பார்க்க வேண்டும்.

இதற்கு அவர்கள் கண்ட வழிக்குப் பாடு என்று பெயர். ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம், கோட்டைக்குப்பம் ஆகிய மூன்று பட்டினவர் குப்பங்களும் இந்த இடங்களைத் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டன. எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். இன்றைக்கு நல்ல இடம் விழுந்தவனுக்கு அடுத்த முறை மோசமான இடம் விழலாம். இடம் எவனுக்கும் சொந்தமாவதில்லை. அவனுக்குச் சொந்தமாக இருப்பது முறை மட்டும். அதை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். சீட்டில் பெயர் இருக்க வேண்டுமென்றால் தலைக்கட்டாக இருக்க வேண்டும். அதாவது கல்யாணமாகி, ஊருக்கு வரி கொடுத்து, ஊர்க் காரியங்களில் பங்கெடுப்பவனாக இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு ஏரிக்கரையில் வாய்வழியாகவே இருந்துவந்தது. இதை விரிவாக எழுதிவைத்த ஆவணம் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1991இல் வெளியிட்ட ஓர் ஆங்கில அறிக்கை.

1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பொது மேய்ச்சல் நிலம் அழிவது தவிர்க்க முடியாதது என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொருவனும் ஒரு மாடு கூடுதலாக ஓட்டிவிடுவான்; ஆகையால் ஒன்று தனியுடைமை வேண்டும் அல்லது அரசாங்கத்தின் கண்டிப்பு வேண்டும் என்றார். அந்தக் கட்டுரை உலகம் முழுவதும் பாடமாயிற்று. எலினார் ஆஸ்ட்ரம் பல நாட்டு மீனவர்களையும் பாசனக்காரர்களையும் ஆராய்ந்து 1990இல் பதில் எழுதினார். ஹார்டின் வர்ணித்தது பொதுநிலத்தையே அல்ல, விதியற்ற நிலத்தை என்பது அந்தப் பதிலின் சாரம். உபயோகிக்கிறவர்களே விதியை வகுத்து, அவர்களே காவல் காத்த இடங்களில் பொது நூற்றாண்டுகள் பிழைத்திருக்கிறது. 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குப்பத்தில் சீட்டுப் போட்டவர்களுக்கு இந்தச் சர்ச்சை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

ஆக ஒரே ஊரில் இரண்டு சீட்டுகள். ஒன்று கோட்டைக்காரன் நீட்டியது, மற்றவனை வெளியே நிறுத்துவதற்கு. இன்னொன்று குப்பத்தில் போட்டது, எவனும் நிரந்தரமாக உட்கார்ந்துவிடாமல் இருப்பதற்கு. மென்பொருளின் உரிமம் என்பதும் ஒரு சீட்டுதான். அது இவற்றில் எந்த ஜாதிச் சீட்டு என்பதே கேள்வி.

3

யூனிக்ஸ் என்ற இயங்குதளம் 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதன் தாய்க் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி. தொலைபேசித் தொழிலில் ஏகபோகம் வைத்திருந்தது. 1956இல் அமெரிக்க அரசாங்கத்தோடு ஏற்பட்ட சமரசத்தின்படி வேறு தொழிலில் இறங்கக்கூடாது. அதனால் யூனிக்ஸை விற்பனைச் சரக்காக்க முடியவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு சொற்பக் கட்டணத்தில் கொடுத்தது. மாணவர்கள் படித்தார்கள், திருத்தினார்கள், புதிது சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் அந்த மூலநிரலுக்கு வரிக்கு வரி உரை எழுதினார். பிற்பாடு வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பின் உரிமம் மூலநிரலை வகுப்பில் பாடமாக வைப்பதைத் தடுத்தது. அதற்குப் பிறகு லயன்ஸின் உரை நகலுக்கு நகலாகக் கைமாறியே படிக்கப்பட்டது. அது முறைப்படி அச்சேறியது 1996இல். அச்சில் கிடைக்காத புத்தகத்தின் மங்கிய நகலை இரவல் வாங்கிப் படித்தவர்களுக்கு இந்த வாசிப்பின் வேகம் புரியும்.

1984இல் ஏ.டி. அண்ட் டி. பிரிக்கப்பட்டது. தடை நீங்கியதும் யூனிக்ஸ் விலைச் சரக்காயிற்று. பலர் கைபட்டு வளர்ந்த நீரோட்டத்தின் குறுக்கே ஒருவர் வலை கட்டிக்கொண்டார். இதற்குச் சற்று முன்பே, 1983 செப்டம்பரில், ரிச்சர்ட் ஸ்டால்மன் யூனிக்ஸைப் போன்ற, ஆனால் எவரும் பூட்ட முடியாத ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்திருந்தார். 1989இல் அதற்கான பொது உரிமம் வந்தது, ஜி.பி.எல். என்பார்கள். உபயோகிக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமையையும் மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸுக்கு முதலில் விற்பனையைத் தடுக்கும் உரிமம் இருந்தது. 1992இல் அவர் ஜி.பி.எல்.லுக்கு மாறினார்.

இந்த உரிமத்தில் ஒரு வினோதம் உண்டு. அது பதிப்புரிமைச் சட்டத்தை ஒழிக்கவில்லை, அதன்மேல் ஏறி நிற்கிறது. உரிமையாளன் என்ற ஸ்தானத்தில் நின்றுகொண்டு, இனி யாரும் ஏகபோக உரிமையாளனாகக் கூடாது என்று கட்டளை இடுகிறது. பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டி. உரிமம் இவ்வளவு தூரம் போகாது. எடுத்துக்கொள், பெயரைச் சொல், பிறகு பூட்டினாலும் சரி என்று விட்டுவிடும். நமக்குப் பழக்கமான உதாரணம் ஒன்று உண்டு. பாரதி படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை அரசாங்கம் பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதனால் பாரதி மலிவு விலையில் எல்லா வீடுகளுக்கும் போனார். கவனமில்லாத பதிப்புகளும் பெருகின. எடுக்கிறவன் மேல் கடமை எதையும் ஏற்றாத பொது அது. அதன் லாபமும் நஷ்டமும் அங்கிருந்தே வருகின்றன. ஜி.பி.எல். பாடு முறைக்கு நெருங்கி வருகிறது. இடத்தை எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு, அடைத்துக்கொள்ள எவருக்கும் இல்லை.

4

இயங்குதளத்தில் ஓரளவு அடங்கிய சண்டை தரவுத்தளத்தில் மறுபடி மூண்டது. இது தற்செயல் அல்ல. இயங்குதளம் துறைமுகம் என்றால் தரவுத்தளம் பண்டசாலை. சரக்கு அங்கேதான் இருக்கிறது.

மைஎஸ்க்யூஎல் 1995இல் ஸ்வீடனில் தோன்றியது. ஜி.பி.எல்.லின் கீழ் வந்தது, உலகத்தின் பாதி வலைத்தளங்களுக்கு அடித்தளம் என்று சொல்லும் அளவுக்குப் பரவியது. ஆனால் அதன் பதிப்புரிமை முழுவதும் ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. 2008இல் ஸன் கம்பெனி அதை நூறு கோடி டாலருக்கு வாங்கியது. 2010இல் ஸன்னையே ஆரக்கிள் விழுங்கியது. தரவுத்தள ஏகபோகத்தின் பெரிய பெயர் பொதுவில் வளர்ந்த போட்டியாளனின் பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டது. உரிமம் இருந்ததால் ஒன்று மட்டும் முடிந்தது: ஆரம்பகர்த்தாவான மைக்கேல் விடேனியஸ் அதே நிரலை எடுத்துக்கொண்டு மரியாடிபி என்று தனிக்குடித்தனம் போனார். போஸ்ட்க்ரெஸ் 1986இல் பெர்க்கிலியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கியது. அதன் உரிமம் தளர்வானது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பூட்டலாம். ஆனால் அதன் மூலம் எந்த ஒரு கம்பெனியின் கையிலும் இல்லை. விற்க ஆள் இல்லாததால் விலைபோகவில்லை. உரிமத்தின் வாசகத்தை மட்டும் படித்துவிட்டு எது பொது என்று தீர்மானிப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்திரம் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பதும் விதியின் ஒரு பகுதிதான்.

பிறகு வாடகைக்குக் கணிப்பொறி விடும் பெரிய கம்பெனிகள் வந்தன. ஜி.பி.எல். பிறருக்கு நிரலைக் கொடுக்கும்போதுதான் கடமை விதிக்கிறது. இவர்கள் நிரலைக் கொடுப்பதில்லை, தங்கள் இடத்தில் ஓடவிட்டு அதன் பலனை விற்கிறார்கள். இந்த ஓட்டையை அடைக்க 2007இல் ஏ.ஜி.பி.எல். என்ற இன்னொரு பதிப்பு வந்தது. அது போதவில்லை என்று சொல்லி மாங்கோடிபி 2018இலும், எலாஸ்டிக் 2021இலும், ரெடிஸ் 2024இலும் உரிமத்தை இறுக்கின. எங்கள் உழைப்பைப் பெரியவர்கள் கொண்டுபோகிறார்கள் என்பது அவர்கள் புகார். பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த உழைப்பில் வெளியார் பலரின் உழைப்பும் கலந்திருந்தது. திறந்த நிரல் என்ற பெயரால்தான் அது வந்து சேர்ந்தது. ரெடிஸை விட்டுப் போனவர்கள் அதே மாதத்தில் வால்கீ என்று ஒரு கிளையைத் தொடங்கினார்கள். எலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025இலும் திறந்த உரிமம் ஒன்றையும் மறுபடி சேர்த்துக்கொண்டன. இதையெல்லாம் பார்க்கையில் வான் வெர்ஸிக் கௌலை நீட்டிய காட்சி நினைவுக்கு வராமல் போகாது. துறைமுகத்துக்குள் வரும்வரை சுதந்திரக் கடல்.

5

இந்த ஒப்புமையை இன்னும் நீட்டினால் ஒரு இடத்தில் முறியும். அந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். நான் பிடித்த மீன் உனக்கு இல்லை. நான் எடுத்த நிரல் உனக்கும் இருக்கிறது. அதனால் மென்பொருளுக்கு எடுப்பதில் முறை வேண்டியதில்லை. ஆனால் தீர்ந்துபோவது ஒன்று அங்கேயும் உண்டு. எழுதிக் காப்பவனின் பொழுதும் உடம்பும். 2024இல் எக்ஸ்இஸட் என்ற சிறிய சுருக்கு நிரலுக்குள் யாரோ ரகசியக் கதவு வைத்தது கண்டுபிடிக்கப்பட்டது. லினக்ஸ் கணிப்பொறிகள் எண்ணற்றவற்றில் இருக்கும் அந்த நிரலை, ஊதியமில்லாமல், களைத்துப்போன ஒரே மனிதர் பார்த்துக்கொண்டிருந்தார். உதவுவதாக வந்தவன் வைத்த கதவு அது. குப்பத்தில் வரி கொடுப்பவனுக்குத்தான் சீட்டு. இங்கே சீட்டு எல்லோருக்கும் உண்டு, வரி யாருக்கும் இல்லை. சுதந்திர மென்பொருளின் கோட்பாட்டாளர்கள் எடுக்கும் உரிமையைப் பற்றி எழுதிய அளவுக்குக் காக்கும் முறையைப் பற்றி எழுதவில்லை.

பாட்டின் பக்கமும் மறைக்கக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சீட்டில் யார் பெயர் இருந்தது? கல்யாணமான பட்டினவ ஆண்களின் பெயர். ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களின் பெயர் இல்லை. ஏரிக்கரைத் தலித்துகளின் பெயர் இல்லை. பிடித்ததை விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களின் பெயர் இல்லை. இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறியபோது பிற சமூகத்தவரும் வலையோடு ஏரியில் இறங்கினார்கள், தகராறுகள் வந்தன. உள்ளே அவ்வளவு நியாயமாக இருந்த முறை, வெளியே நின்றவனுக்குக் கோட்டைச் சுவராகவே தெரிந்திருக்கும். பழைய கிராம ஏற்பாடு என்றதும் உருகிப்போகிற மனோபாவம் நம்மிடம் உண்டு. உருகுவதற்கு முன் சீட்டை வாங்கிப் பெயர்களைப் படித்துப் பார்ப்பது நல்லது. ஜி.பி.எல்.லின் உண்மையான புதுமை இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அது ஜாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, ஆளைக் கேட்பதே இல்லை. நிரலை எடுத்தவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் கேட்கிறது.

ஆனால் உரிமம் கேட்காத கேள்வியை வாழ்க்கை கேட்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று, பழவேற்காடு அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதலில் வந்த கணினிகளில் மைக்ரோசாப்ட்டின் விண்டோஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஏரிக்கரைப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் இப்படி ஓர் இயங்குதளத்தின் மூலநிரலைப் படிக்கும் உரிமை வந்து சேர்ந்தது. படிக்கக் கற்றுக்கொடுக்கும் லயன்ஸ் ஒருவர் தமிழில் உடன் வரவில்லை. உரிமை கைக்கு வந்தும் முறை வரவில்லை. அதே கரையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018இல் அதானி குழுமம் வாங்கியது. அதன் விரிவாக்கத் திட்டத்தை எதிர்த்து ஏரி மீனவர்கள் போராடி வந்திருக்கிறார்கள். எழுதப்படாத பாட்டு உரிமைக்கு அளவைப் படங்களில் கட்டம் இல்லை.

கடைசியாக நம் வீட்டு விஷயம். 1990களில் கணினியில் அச்சுக்கோத்த தமிழ்ச் சிற்றிதழ்கள் ஆளுக்கொரு எழுத்துருவை வாங்கின. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ரகசிய எண்வரிசை வைத்திருந்தது. அந்த எழுத்துரு போனால் கவிதை வெறும் குறிகளாகிவிடும். நாம் எழுதியது நம்முடையது, அதைத் திறக்கும் சாவி விற்றவனுடையது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு பொதுக் குறியீடுகளை முன்வைத்தது. பிறகு யூனிகோடு வந்தது. அதற்குள் சிக்கியவை சிக்கியவைதான். எந்தச் சபையிலும் நம்மைக் கேட்டு இது நடக்கவில்லை, நாமும் போய்க் கேட்கவில்லை. மென்பொருளின் உரிமம் எழுத்தாளனுக்குச் சம்பந்தமில்லாத தொழில்நுட்பம் என்று இருந்துவிட்டோம். ஒரு சிற்றிதழ் தன் பழைய இதழ்களைப் பொதுக் குறியீட்டுக்கு மாற்றி, யார் மறுபிரசுரம் செய்யலாம், செய்பவர் எந்தக் கடமையை ஏற்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் நான்கு வரி அச்சிட்டால் அது பெரிய செலவில்லை. மூன்று குப்பங்கள் உட்கார்ந்து பேசி முடித்த அளவுக்கு நாமும் உட்கார வேண்டியிருக்கும். உட்காரும்போது யார் யார் அழைக்கப்படவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.